உயிரெழுத்து இல்லாத பெயர்கள்

குபர்னெட்டிஸ் பக்கம் முதல் தடவை வரும் ஜூனியர்ஸ் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணா, இந்தப் பேருக்குப் பின்னாடி என்னமோ கிறுக்கி வச்சிருக்கே, இது என்ன?" நாம "ரெஜி" என்று ஒரு டிப்ளாய்மென்ட் உருவாக்கி, மூணு பிரதி வேணும் என்று சொல்லியிருப்போம். லிஸ்ட் எடுத்துப் பார்த்தால் மூணு பாட் ஓடிக்கொண்டிருக்கும். மூணுக்கும் "ரெஜி" என்று ஆரம்பிக்கும், ஒரு கோடு, பிறகு பத்து எழுத்து, இன்னொரு கோடு, அப்புறம் அஞ்சு எழுத்து. பத்து எழுத்து மூணிலும் ஒன்றாக இருக்கும். கடைசி அஞ்சு மட்டும் மாறும்.

"அது சும்மா ரேண்டம்டா, கண்டுக்காத" என்றுதான் எனக்கும் முதலில் சொன்னார்கள். பாதி சரி. கடைசி அஞ்சு எழுத்து உண்மையிலேயே ரேண்டம். நடுவில் இருக்கும் பத்தும் அப்படி இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்ததால் போன வருஷ சிம்போசியத்தில் 41 பேருடைய காசு தப்பித்தது. அந்தக் கதை கொஞ்சம் பின்னாடி வரும். முதலில் அந்தப் பத்து எழுத்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

டிப்ளாய்மென்ட் நேரடியாகப் பாட்களை உருவாக்குவதில்லை. நடுவில் ரெப்ளிகாசெட் என்று ஒருத்தர் இருக்கிறார். அவருடைய வேலை எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான்: மூணு இருக்கணும் என்றால் மூணு இருக்கணும், ஒன்று செத்தால் இன்னொன்று. நாம எந்த இமேஜ், எந்த போர்ட், எந்த என்வயர்ன்மென்ட் வேரியபிள் என்று எழுதிக்கொடுக்கும் பகுதிக்குப் பாட் டெம்ப்ளேட் என்று பேர். அந்த டெம்ப்ளேட் முழுவதையும் எடுத்து எஃப்என்வி என்ற 32 பிட் ஹேஷ் ஃபங்ஷனில் போடுகிறார்கள். (ஆரம்பத்தில் ஆட்லர்-32 இருந்தது. அதில் இரண்டு வெவ்வேறு டெம்ப்ளேட்டுக்கு ஒரே ஹேஷ் வருவது அதிகமாக இருந்ததால் மாற்றினார்கள்.) வெளியே வருவது ஒரு எண். பூஜ்யத்திலிருந்து 4,29,49,67,295 வரை எது வேண்டுமானாலும் வரலாம். அதாவது அதிகபட்சம் பத்து இலக்கம்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அந்த எண்ணை அப்படியே பேரில் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் வேறொரு எழுத்தாக மாற்றுகிறார்கள். குபர்னெட்டிஸின் மூல நிரலில் 27 எழுத்துகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. இலக்கத்தின் ஆஸ்கி மதிப்பை 27ஆல் வகுத்து, வரும் மீதி எத்தனையோ, அந்த இடத்தில் இருக்கும் எழுத்தை எடுத்துக்கொள்வார்கள். 0 என்ற எழுத்தின் ஆஸ்கி மதிப்பு 48. வகுத்தால் மீதி 21. பட்டியலில் 21ஆம் இடத்தில் (பூஜ்யத்திலிருந்து எண்ணணும், நம்ம ஆளுங்க பழக்கம்) இருப்பது 4. இப்படியே போனால் 0 என்பது 4 ஆகும், 1 என்பது 5, 2 என்பது 6, 3 என்பது 7, 4 என்பது 8, 5 என்பது 9. அதற்குமேல் 6 என்பது பி, 7 என்பது சி, 8 என்பது டி, 9 என்பது எஃப்.

கவனிச்சீங்களா? உள்ளே போவது பத்து இலக்கங்கள் மட்டும் என்பதால் வெளியே வருவதும் பத்தே பத்து எழுத்துதான். உலகத்தில் எந்தக் கிளஸ்டரில் போய்ப் பார்த்தாலும் டிப்ளாய்மென்ட் பாட் பேரின் நடுப்பகுதியில் 4, 5, 6, 7, 8, 9, பி, சி, டி, எஃப் இதைத் தாண்டி எதுவும் இருக்காது. பார்க்க ஹெக்ஸ் மாதிரி இருப்பதால் பலர் அதை ஹெக்ஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் "ஏ"வும் "இ"யும் வராத ஹெக்ஸ் ஏது?

அதிகாரபூர்வ ஆவணத்தில் எஞ்சின்எக்ஸ் உதாரணம் ஒன்று வரும். அதன் ஹேஷ் 7-5-6-7-5-எஃப்-5-8-9-7. இதைத் திருப்பி மாற்றினால் 3,12,31,91,453. 32 பிட்டுக்குள் அடங்கும் எண்தான். நான் இதை ஒரு நாள் மெஸ்ஸில் டிஷ்யூ பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவன் "மச்சி, இதனால என்ன பிரயோஜனம்?" என்றான். பத்து எழுத்து ஹேஷ் எப்போதும் 5, 6, 7, 8 இந்த நாலில் ஒன்றில்தான் ஆரம்பிக்கும், ஏன்னா மூல எண்ணின் முதல் இலக்கம் 1லிருந்து 4க்குள்தான் இருக்க முடியும் என்று சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சில நேரம் ஒன்பது எழுத்து ஹேஷும் வரும். அதற்குக் காரணமும் இதேதான்: அந்த எண் நூறு கோடிக்குக் கீழே விழுந்திருக்கிறது.

பிரயோஜனம் இதுதான். ஹேஷ் டெம்ப்ளேட்டிலிருந்து வருவதால், ஒரே ஹேஷ் என்றால் ஒரே வெர்ஷன். பிரதி எண்ணிக்கையை மூணிலிருந்து முப்பதாக்கினால் ஹேஷ் மாறாது, ஏனென்றால் எண்ணிக்கை டெம்ப்ளேட்டுக்கு வெளியே இருக்கிறது. இமேஜை மாற்றினால் மாறும். எதையும் மாற்றாமல் ரீஸ்டார்ட் கொடுத்தால்? அப்போதும் மாறும். ரீஸ்டார்ட் கட்டளை செய்வதே டெம்ப்ளேட்டுக்குள் "இந்த நேரத்தில் மறுபடி தொடங்கப்பட்டது" என்று ஒரு குறிப்பை எழுதுவதுதான். எழுதியதும் டெம்ப்ளேட் வேறு, ஹேஷ் வேறு, புது ரெப்ளிகாசெட், புதுப் பாட்கள். முதலில் இதைப் படித்தபோது ஏமாற்று வேலை மாதிரி இருந்தது. யோசித்தால் அழகான வேலை.

சரி, சிம்போசியம் கதை.

எங்க டிபார்ட்மென்ட்டில் லேபிலிருந்து ஒதுக்கிய மூணு பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து கே3எஸ் போட்டு ஒரு சின்னக் கிளஸ்டர் வைத்திருக்கிறோம். ஃபேன் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேட்கும். மற்றபடி குறை சொல்ல முடியாது. சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் தளம் அதில்தான் ஓடியது. மூணு பிரதி. ஒரு ஆளுக்கு 250 ரூபாய். காசு ஒரு பேமென்ட் கேட்வே வழியாக வரும், வந்ததும் அவர்கள் நம்ம தளத்தைத் தட்டி "இந்த ஆள் கட்டிட்டார்" என்று சொல்வார்கள், நாம டேபிளில் "பாக்கி" என்பதை "கட்டியாச்சு" என்று மாற்றணும்.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு ஈவென்ட் பேரில் எழுத்துப்பிழை என்று வெப் டீம் புது வெர்ஷன் ஒன்றை ஏற்றினார்கள். நாலு மணி பத்து நிமிஷம். அதோடு கூடவே வேறு சில மாற்றங்களும் ஏறிவிட்டன. ஆறு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. வேறு மாவட்டத்து அரசுக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் பொண்ணு. "அண்ணா, அக்கவுண்ட்லருந்து காசு போயிடுச்சு. ஆனா உங்க சைட்ல இன்னும் கட்டலைன்னே வருது. நாங்க நாலு பேரு. நைட் பஸ் புக் பண்ணிட்டோம்." குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

டேபிளைப் பார்த்தால் அந்த நாலு பேர் மட்டும் இல்லை, "பாக்கி" என்று நூத்துக்கும் மேற்பட்ட பேர் இருந்தார்கள். பாதிப் பேர் உண்மையிலேயே பாதியில் விட்டுப் போனவர்கள். மீதி யார், எத்தனை பேர் என்று தெரியாது. பேமென்ட் கேட்வேயிலிருந்து முழு அறிக்கை மறுநாள் மதியம்தான் வரும். நிகழ்ச்சி காலையில் ஒன்பது மணிக்கு. ஏற்பாட்டுக் குழுவில் ஒருத்தர் சொன்ன யோசனை: "கேட்ல வர்றவங்ககிட்ட மறுபடி வாங்கிடுவோம். பின்னாடி திருப்பிக் கொடுத்துக்கலாம்." ஸ்க்ரீன்ஷாட் காட்டினால் விடலாம் என்றார் இன்னொருவர். ஸ்க்ரீன்ஷாட்டை எடிட் பண்ண ரெண்டு நிமிஷம் போதும் என்று அதே குழுவில் மூணாவது ஆள். நாலு பேருக்கு ஆயிரம் ரூபாய். நைட் பஸ்ஸில் வருகிறவர்கள் கையில் அது இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

லாக் பார்க்கலாம் என்றால், வெப் டீம் புகார் வந்ததும் அஞ்சே கால் மணி வாக்கில் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போயிருந்தார்கள். புது வெர்ஷன் பாட்கள் அழிந்துவிட்டன. பாட் அழிந்தால் அதன் லாக்கும் அதோடு போச்சு. வெளியே சேர்த்து வைக்கிற ஏற்பாடு எதுவும் எங்க மூணு கம்ப்யூட்டர் ராஜ்யத்தில் கிடையாது.

ஆனால் டேபிளில் ஒரு காலம் இருந்தது. முந்தைய வருஷம் இதை எழுதின சீனியர் அக்கா, ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்ட பாட்டின் பேரை எழுதிவைக்கும்படி செய்திருந்தார். கஷ்டமான காரியம் இல்லை. கன்டெய்னருக்குள் ஹோஸ்ட்நேம் கேட்டால் வழக்கமாகப் பாட்டின் பேர்தான் வரும். அதை எடுத்து ஒரு காலத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார். நாங்கள் யாரும் அதுவரை அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

பேரின் நடுப்பகுதியை வைத்து வரிகளைக் குழு பிரித்தோம். இரண்டு ஹேஷ் வந்தது. ஒன்று 7-9-4-பி-டி என்று ஆரம்பிப்பது, இன்னொன்று 5-சி-8-டி-4 என்று ஆரம்பிப்பது. ரெப்ளிகாசெட் லிஸ்ட்டை எடுத்தோம். டிப்ளாய்மென்ட் பழைய ரெப்ளிகாசெட்களை உடனே தூக்கிப்போடாது. பிரதி எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, வழக்கமாகப் பத்து வரை வைத்திருக்கும். 5-சி-8 அங்கேயே இருந்தது, பூஜ்யம் பிரதிகளோடு. விவரம் பார்த்தால் நாலு பத்துக்கு ஏற்றிய இமேஜ். ஆக, யார் பேருக்கு எதிரே 5-சி-8 இருக்கிறதோ, அவர்களுக்கான கேட்வே தட்டலைப் புது வெர்ஷன் வாங்கியிருக்கிறது.

அப்படி 41 வரிகள். 41-லும் "பாக்கி". ஒன்றுகூட "கட்டியாச்சு" இல்லை. புது வெர்ஷனில் பரிவர்த்தனை எண் வரும் ஃபீல்டின் பேரை மாற்றியிருந்தார்கள். தட்டல் வந்ததும் வரியைத் தொட்டு நேரத்தையும் பாட் பேரையும் எழுதிவிட்டு, எண்ணைக் காணோம் என்று நிலையை மாற்றாமல் விட்டிருக்கிறது. கேட்வே தட்டுவது காசு வந்தால் மட்டும்தான். பாதியில் விட்டுப்போனவர்களின் வரிகளில் அந்தக் காலம் காலியாக இருந்தது. இதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இடையில் ஒரு சிக்கல். நாலு பத்துக்குப் புது வெர்ஷன் ஏறிய அந்த ரெண்டு மூணு நிமிஷத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடியிருக்கும். மூணு பிரதி இருந்தால், வழக்கமான அமைப்பில் ஒன்று கூடுதலாக நாலு வரை போகலாம், மூணுக்குக் கீழே போகாது. புதுசு ஒன்று தயாரானதும் பழசு ஒன்று போகும். அதனால் நேரத்தை வைத்து மட்டும் பிரித்திருந்தால், அந்த நிமிஷங்களில் பழைய பாட்டிடம் போய்ச் சரியாகப் பதிவானவர்களையும் இதில் குழப்பியிருப்போம். பேரை வைத்துப் பிரித்ததால் அந்தத் தொல்லை இல்லை.

திரும்பிப் போனதிலும் ஒரு வேடிக்கை கிடைத்தது. பழைய வெர்ஷனுக்குப் போனபோது புது ஹேஷ் வரவில்லை, அதே 7-9-4 திரும்ப வந்தது. அதே டெம்ப்ளேட் என்பதால் தூங்கிக்கொண்டிருந்த அதே ரெப்ளிகாசெட்டை எழுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். கடைசி அஞ்சு எழுத்து மட்டும் புதுசு. ஆக நடுப்பகுதி வெர்ஷனைச் சொன்னது, வால் பகுதி நாலு மணிக்கு முன்னாடியா அஞ்சே காலுக்குப் பின்னாடியா என்று சொன்னது.

ராத்திரி பத்து மணிக்கு 41 பேருக்கும் மெயில் போனது. மறுநாள் மதியம் வந்த கேட்வே அறிக்கையில் 41 பேரும் இருந்தார்கள். அந்தப் பொண்ணோட டீம் காலையில் எட்டரைக்கே வந்து நின்றார்கள். பேப்பர் பிரசன்டேஷனில் முதல் ரவுண்டிலேயே வெளியே போய்விட்டார்கள், அது வேறு விஷயம். மதியம் பிரியாணி நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்த வால். கடைசி அஞ்சு எழுத்தும் அதே 27 எழுத்துப் பட்டியலிலிருந்துதான் வருகிறது, ஆனால் இங்கே 27-ம் வரலாம். ஆங்கிலத்தின் 26 எழுத்தில் அஞ்சு உயிரெழுத்தையும் எடுத்துவிட்டார்கள், "ஒய்"யையும் எடுத்துவிட்டார்கள். மீதி 20. எண்களில் 0, 1, 3 இல்லை, மீதி 7. உயிரெழுத்தை ஏன் எடுத்தார்கள் என்று மூல நிரலிலேயே குறிப்பு இருக்கிறது: தற்செயலாகக் கெட்ட வார்த்தை எதுவும் உருவாகிவிடக் கூடாது. கஸ்டமர் முன்னாடி ஸ்க்ரீனைத் திறந்துவைத்திருக்கும்போது பாட் பேரில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை வந்து நின்றால் நல்லாவா இருக்கும்? 0, 1, 3 மூணும் "ஓ", "எல்", "இ" மாதிரித் தெரியும் என்பதால் எடுத்திருப்பார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். முன்னே சொன்ன ஆவண உதாரணத்தில் ஒரு பாட்டின் வாலில் "ஐ"யும் "ஓ"வும் இருக்கின்றன. இன்றைய விதிப்படி அந்தப் பேர் பிறக்கவே முடியாது.

நம்ம இலக்கணத்தில் இதைச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். அ, ஆ எல்லாம் உயிர். க், ங் எல்லாம் மெய், அதாவது உடம்பு. உடம்பு மட்டும் இருக்கிற, உயிர் இல்லாத பேரைத்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் வைக்கிறார்கள். செத்தால் யாரும் அழப்போவதில்லை என்று தெரிந்தே வைத்த பேர் மாதிரி.

அஞ்சு இடம், இடத்துக்கு 27 வாய்ப்பு என்றால் மொத்தம் 1,43,48,907 வால்கள். ஒன்றரைக் கோடிக்குப் பக்கம். போதுமா? "கிளாஸில் 23 பேர் இருந்தால் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு" என்று பிராபபிலிட்டி சார் நடத்தியது நினைவிருக்கும். அதே கணக்கை இங்கே போட்டால், ஒரே முன்பகுதியோடு சுமார் 4,460 பேர்கள் உருவாக்கியதும் எங்காவது இரண்டு மோதிக்கொள்ள பாதி வாய்ப்பு வந்துவிடுகிறது. 500 பேர்களில்கூட நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. எங்க மாதிரி மூணு பிரதி ஆட்களுக்கு இது கவலையே இல்லை. ஒரே முன்பகுதியில் ஆயிரக்கணக்கான ஜாப்களை ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்களுக்கு உண்மையான தலைவலி. முன்பெல்லாம் மோதினால் ஏபிஐ சர்வர் "இந்தப் பேர் ஏற்கனவே இருக்கு" என்று கையை விரித்துவிடும், கேட்டவர்தான் மறுபடி முயற்சி செய்யணும். 1.30 பதிப்பில் சோதனையாக வந்து 1.32-ல் நிலைபெற்ற மாற்றத்துக்குப் பிறகு, சர்வரே மொத்தம் எட்டு முறை வரை வேறு வால் போட்டுப் பார்க்கும். எட்டு முறையும் மோதுவதற்கு ரொம்பவே கெட்ட ராசி வேண்டும்.

அஞ்சு எழுத்தை எட்டாக்கினால் பிரச்சினையே இல்லையே என்று தோன்றும். இடம் இல்லை. பாட் பேர் 63 எழுத்துக்குள் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். 63 என்பது குபர்னெட்டிஸ் கண்டுபிடித்தது அல்ல, 1987-ல் எழுதப்பட்ட டிஎன்எஸ் வரையறையிலிருந்து வருகிறது. ஒரு பேர்த்துண்டின் நீளத்தை ஒரு பைட்டில் எழுதுவார்கள், அதில் மேலே இருக்கும் இரண்டு பிட்டை வேறு காரியத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள், மீதி ஆறு பிட்டில் அதிகபட்சம் 63. நாம பிறப்பதற்குப் பல வருஷம் முன்னாடி யாரோ இரண்டு பிட்டை ஒதுக்கியதால் இன்று நம்ம பாட்டுக்கு அஞ்சு எழுத்து வால். 63-ல் அஞ்சு போனால் முன்பகுதிக்கு 58. அதைத் தாண்டினால் பின்னாலிருந்து வெட்டிவிடும். டிப்ளாய்மென்ட்டுக்கு 47 எழுத்தில் பேர் வைத்தால் ஹேஷுக்கும் வாலுக்கும் நடுவில் இருக்கும் கோடு காணாமல் போகும். இன்னும் நீளமாக வைத்தால் ஹேஷையே கடிக்க ஆரம்பிக்கும். லேபிளில் ஹேஷ் முழுசாக இருக்கும் என்பது நிஜம்தான், ஆனால் பாட் அழிந்த பிறகு லேபிளை எங்கே போய்ப் பார்ப்பது? எங்க தளத்துக்கு சிம்போசியத்தின் முழுப் பேரையும் வைக்கணும் என்று ஒரு குழு அடம்பிடித்தது. அன்றைக்கு அவர்கள் ஜெயித்திருந்தால் 41 பேர் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வால் ரேண்டமாக இருக்கக் கூடாத இடமும் உண்டு. டேட்டாபேஸ் மாதிரி ஆட்களுக்கு "யாரோ ஒருத்தர்" என்ற பேர் ஒத்துவராது. முதல் ஆள் யார், இரண்டாம் ஆள் யார், யாருடைய டிஸ்க் எது என்று நிலையாக இருக்கணும். அவர்களுக்கு ஸ்டேட்ஃபுல்செட். பேருக்குப் பின்னால் 0, 1, 2 என்று வரிசை எண். 0 தயாரானதும் 1, அதற்குப் பிறகு 2. குறைக்கும்போது பெரிய எண்ணிலிருந்து கீழே வரும். 2 செத்தால் புதிதாக வருவதும் 2-தான், பழைய 2-ன் டிஸ்க்கே அதற்கும். 1.3 பதிப்பில் முதலில் வந்தபோது இதற்கு பெட்செட் என்று பேர். வளர்ப்புப் பிராணிக்குப் பேர் வைப்போம், மந்தையில் இருப்பதற்கு எண்தான் என்று சர்வர் ஆட்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு, அதிலிருந்து எடுத்தது. 1.5-ல் பேரை மாற்றிவிட்டார்கள். மாட்டுக்குப் பேர் வைக்கிற ஊரிலிருந்து வந்த எனக்கு அந்தப் பேச்சு எப்போதுமே பிடித்ததில்லை.

இந்த வரிசை எண்ணைப் பார்த்தால் எனக்கு நம்ம பதிவு எண்தான் ஞாபகம் வரும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்குத் தெரியும்: 12 இலக்கம். முதல் நாலு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த வருஷம், அடுத்த மூணு பிரிவு, கடைசி மூணு வரிசை. முன்பகுதி எல்லாம் டெம்ப்ளேட், கடைசி மூணு நாம. எங்க கல்லூரியில் டிப்ளமோ முடித்து இரண்டாம் வருஷத்தில் சேர்கிறவர்களுக்கு 301-லிருந்து எண் ஆரம்பிக்கும். ஸ்டேட்ஃபுல்செட்டிலும் பூஜ்யத்துக்குப் பதில் வேறு எண்ணிலிருந்து ஆரம்பிக்கும் வசதி 1.31-ல் நிலைபெற்றது. அதைப் படித்ததும் எங்க கிளாஸ் 301-க்கு ஃபார்வர்டு பண்ணினேன். "உங்களுக்கெல்லாம் முன்னாடியே எங்களுக்கு அது இருக்குடா" என்று பதில் வந்தது.

எங்க கிளாஸில் 37 என்று ஒருத்தன் இருந்தான். முதல் வருஷம் முடிந்ததும் வீட்டில் பணப் பிரச்சினை, நின்றுவிட்டான். இப்போது திருப்பூரில் மாமாவோட பனியன் கம்பெனியில் இருக்கிறான். அட்டெண்டன்ஸ் எடுக்கும் மேம் 36-க்கு அடுத்து 38 என்று போவார்கள். ஆரம்பத்தில் 37 என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பார்கள், பிறகு அந்த நிறுத்தமும் பழகிப்போய்விட்டது. அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார்கள். ரெப்ளிகாசெட்டாக இருந்தால் அவன் போன மறுநிமிஷம் வேறு வாலோடு இன்னொருத்தன் வந்து உட்கார்ந்திருப்பான், எண்ணிக்கை சரியாக இருக்கும். ஸ்டேட்ஃபுல்செட்டாக இருந்தால் அதே 37 என்ற பேரில் ஒருத்தன் வருவான், அவனுடைய டிஸ்க்கைக்கூட எடுத்துக்கொள்வான். ஆனால் அப்போதும் அவன் வேறு ஆள்தான், குபர்னெட்டிஸுக்கு அது தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் பேர் தவிர யுஐடி என்று 128 பிட்டில் ஒன்று உண்டு. பேர் திரும்ப வரலாம், யுஐடி அந்தக் கிளஸ்டரின் ஆயுளுக்கும் திரும்ப வராது. கன்ட்ரோலர்கள் சண்டை என்று வரும்போது நம்புவது யுஐடியைத்தான்.

பேர் வைப்பதில் டாக்கர் வேறு வழி. நாம பேர் கொடுக்காமல் கன்டெய்னர் ஓட்டினால் ஒரு ஆங்கில உரிச்சொல், பின்னால் ஒரு விஞ்ஞானி பேர் என்று அதுவே வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் ராமன், ராமானுஜன், சந்திரசேகர், கலாம் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்கள் நிரலில் ஒரு விதிவிலக்கும் உண்டு: "போரிங்" என்ற சொல்லும் வாஸ்னியாக் என்ற பேரும் சேர்ந்து வந்தால் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுக்கும். ஸ்டீவ் வாஸ்னியாக் போரிங் இல்லை என்று பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கலாமுக்கு முன்னால் என்ன உரிச்சொல் வருமோ என்று பார்க்க நானும் ரூம்மேட்டும் ஒரு ராத்திரி முழுக்க கன்டெய்னர் ஓட்டினோம். ஒரு தடவைகூட வரவில்லை.

கடைசியாக, நான் பார்த்ததில் ரொம்பப் புத்திசாலித்தனமான பேர் கிரான்ஜாபுடையது. எங்க டேட்டாபேஸ் பேக்கப் ராத்திரி ஒரு மணிக்கு ஓடும். தினமும் ஒரு ஜாப் உருவாகும், அதன் பேரில் எட்டு இலக்க எண் ஒன்று ஒட்டியிருக்கும். இது ரேண்டமும் இல்லை, ஹேஷும் இல்லை. 1970 ஜனவரி 1-லிருந்து, அந்த ஜாப் ஓட வேண்டிய நேரம் வரைக்கும் ஆன நிமிஷங்கள். 2024 புத்தாண்டு இந்திய நேரம் காலை ஐந்தரைக்கு அந்த எண் 2,84,01,120. கன்ட்ரோலர் நடுவில் செத்து மறுபடி எழுந்து "ஒரு மணி பேக்கப்பை ஓட்டினேனா இல்லையா" என்று குழம்பினாலும், அதே எண்ணோடுதான் உருவாக்கப் பார்க்கும். ஏற்கனவே இருந்தால் பேர் மோதும், இரண்டாவது தடவை ஓடாது. மற்ற இடத்தில் எல்லாம் தவிர்க்கப் பார்க்கும் மோதலை இங்கே காவலுக்கு வைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு ஜூனியர் வந்து, "அண்ணா, இந்த ஜாப் பேர்ல இருக்கிற நம்பரும் ரேண்டம்தானே?" என்றாள். அறுபதால் பெருக்கிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, பேக்கப் ராத்திரி ஒரு மணிக்கு ஓடவில்லை, காலை ஆறரைக்கு ஓடுகிறது, டைம்ஸோன் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்றாள். இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.